டார்ச்சா, வண்ண ஜெல்லா?

போர்ட்ரெய்ட்டில் அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, ஃபிளாஷ் முன்னால் வண்ண ஜெல் தாளை, அதாவது ஒளி ஊடுருவும் நிறத்தாளை, ஒட்டுவது. இன்னொன்று, இருட்டறையில் ஷட்டரைத் திறந்துவைத்து டார்ச்சால் ஒளியை வரைவது.

ஜெல் சுலபம். ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காது. ஆள் லேசாக அசைந்தாலும் முகம் கூர்மையாக விழும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்று வைத்தால் அதே முகம் வேறொன்றாகிவிடும். ஆனால் வெளிச்சம் கூடினால் நிறம் வெளுத்துப்போகும். அடர்நீல ஜெல் ஒளியை நிறைய விழுங்கும் என்பதால் அந்த ஃபிளாஷுக்குச் சக்தியைக் கூட்ட வேண்டும்.

டார்ச் வேறு ரகம். கேமராவை அசையாமல் தாங்க டிரைபாட், ஒளியுணர்வுக்கு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்புக்கு எஃப்/8, ஷட்டர் திறந்திருக்க 10 முதல் 20 நொடி. அவ்வளவு நேரம் யார்தான் சிலையாக உட்காருவார்கள்? அதனால் முதலில் ஒரு ஃபிளாஷ் அடித்து முகத்தைப் பதிந்துகொண்டு, அப்புறம் ஒளியோடு ஆளைச் சுற்றி நடக்கலாம். நடப்பவர் கறுப்பு உடையில் இருந்தால் படத்தில் தெரியமாட்டார். டார்ச்சைக் கேமரா பக்கம் திருப்பினால் ஒளிக்கோடு. ஆள் பக்கம் திருப்பினால் தோலில் மெல்லப் படியும் வெளிச்சம். 1949-ல் லைஃப் பத்திரிகைக்காகப் புகைப்படக்காரர் ஜோன் மிலி எடுத்த படங்களில் ஓவியர் பிக்காசோ சிறு விளக்கால் காற்றில் வரைந்தது இந்த முறையில்தான்.

குழந்தைகளையோ பொறுமையில்லாதவர்களையோ எடுப்பதென்றால் ஜெல்லே சரி. மற்றபடி என் ஓட்டு டார்ச்சுக்கு. ஒவ்வொரு படமும் வேறாக வருவதே அதன் சுவை, தலைவலியும் அதுவே. அந்த முதல் ஃபிளாஷுக்கே ஒரு சிவப்பு ஜெல்லை ஒட்டிப் பாருங்கள்.