ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்: வாயில் உப்புக் கரிக்கும், ஆனால் இதுதான் அசல்

பேதியில் இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலந்து குடிக்கிற, மெடிக்கலில் 20 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிற 21 கிராம் பவுடர் பாக்கெட்டுக்கு எவனாவது ரிவ்யூ எழுதுவானா என்று கேட்டால், நான் எழுதுவேன். ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் போனது என்று பிறகு சொல்கிறேன்.

2025 மே மாதம், கத்திரி உச்சத்தில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் மோர், கூழ், ஐஸ் போட்ட ஜூஸ் என்று கையில் கொடுத்ததை எல்லாம் குடித்ததில் எது வேலையைக் காட்டியதோ, மறுநாள் விடியற்காலையில் ஏழு வயதுப் பையனுக்குப் பேதி ஆரம்பித்துவிட்டது. எட்டு மணிக்குள் நாலு தடவை. மெடிக்கலுக்கு ஓடிப் போய் "அண்ணே, ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்றேன்.

"ஆரஞ்சா, ஆப்பிளா?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருந்து கேட்டவனிடம் ஆரஞ்சா ஆப்பிளா என்று கேட்டால் அது என்ன மருந்து? ஆனால் டப்பா மேல் கொட்டை எழுத்தில் ஓ.ஆர்.எஸ். என்றுதான் போட்டிருந்தது, ஸ்ட்ராகூட ஒட்டியிருந்தது. நாலு டப்பா வாங்கினேன். பையன் ஆசையாக உறிஞ்சினான். மதியத்துக்குள் மூன்று டப்பா காலி, பேதி முன்னைவிட ஜாஸ்தி, வயிறு கடமுடா என்று சத்தம் போடுகிறது, நாக்கு காய்ந்து கிடக்கிறது.

சாயந்திரம் டாக்டரிடம் போனோம். என் மனைவி காலி டப்பாவைப் பையில் எடுத்து வந்திருந்தாள், அது நல்லதாகப் போனது. அவர் அதைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தை விரல் வைத்துக் காட்டினார். 100 மில்லிக்கு சர்க்கரை 11 கிராம். "இது ஜூஸ்ங்க. பேதி போற குழந்தைக்கு இதைக் குடுத்தா உடம்புல இருக்கற தண்ணியையும் குடலுக்கு இழுத்துடும்." பவுடர் எழுதிக் கொடுத்தார், 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் எழுதினார்.

நான் ஊரிசு கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவன். இப்போது ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை, மோல் கணக்கெல்லாம் மறந்து பல வருஷம் ஆகிறது. அன்றைக்கு ராத்திரி பையன் தூங்கினதும் இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன்.

ஆஸ்மோலாரிட்டி என்பது ஒரு லிட்டரில் எத்தனை துகள் கரைந்து நிற்கிறது என்கிற தலைக்கணக்கு, மில்லிமோல் அளவில். எடையை அது பார்ப்பதே இல்லை. உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டு தலை. சர்க்கரை கரைந்தால் ஒரு தலை. நம் ரத்தத்தில் இந்த எண் ஏறத்தாழ 275 முதல் 295 வரை. பவுடர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, கூட்டினால் 245. ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது, அதனால் தண்ணீர் குடலில் இருந்து உடம்புக்குள் போகிறது.

டப்பா ஜூஸுக்கு வாருங்கள். லிட்டருக்கு 110 கிராம் சர்க்கரை, அதைச் சர்க்கரையின் மோல் எடையான 342 ஆல் வகுத்து, மில்லிமோலாக்க ஆயிரத்தால் பெருக்கினால் சுமார் 320 தலை. சரி, ரத்தத்தைவிடக் கொஞ்சம்தானே கூட என்று நினைத்தேன். ஆனால் சிறுகுடலில் ஒவ்வொரு சர்க்கரையும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைகிறது. ஆக 640. மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் ராத்திரிக்குள் தண்ணீர் விட்டு நிற்குமே, என் பையனின் குடலில் நான் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன், காசு கொடுத்து.

பவுடரில் சர்க்கரையே இல்லையா என்றால் இருக்கிறது, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். ருசிக்காகப் போட்டதில்லை. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக மட்டுமே நுழைகிற ஒரு கதவு இருக்கிறது, இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ், அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவில்கூட இந்தக் கதவு மூடுவதில்லை. 1971இல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கொடுத்து, நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் கீழே கொண்டுவந்தார். இந்தியா அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2023இல், அவர் இறந்த பிறகு. நம் ஊர் லட்சணம்.

பழைய பவுடர் 311ஆக இருந்தது, ரத்தத்தைவிடச் சற்று அடர்த்தி. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 245க்கு இறக்கியது, பேதியும் வாந்தியும் குறைந்ததால். ஆக 311ஏ கூடுதல் என்று மாற்றியிருக்கிறார்கள், நான் 640ஐ ஸ்ட்ரா போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் மாமியார், "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனா தெம்பு வந்துடும், டாக்டர்கிட்ட சொல்லுங்க மாப்ள" என்று ஒற்றைக் காலில் நின்றார். நம்ம பக்கம் பாட்டில் ஏற்றாவிட்டால் வைத்தியமே இல்லை. அதையும் பார்த்தேன். அந்தப் பாட்டில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸுக்கு இன்னொரு பெயர்; பாட்டிலில் இருக்கும்போது 278, ரத்தத்துக்குச் சமம்தான். ஆனால் உள்ளே போனதும் செல்கள் அந்தச் சர்க்கரையைத் தின்றுவிடும், மிஞ்சுவது வெறும் தண்ணீர், அது செல்லுக்குள் போய் ஊறும். ஆஸ்மோலாரிட்டி சமமாக இருந்தாலும் டானிசிட்டி குறைவு என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான்: எத்தனை தலை என்பதோடு, எந்தத் தலை செல்லுக்கு வெளியிலேயே நிற்கும் என்பதும் கணக்கு. உப்பு வெளியே நிற்கும், குளுக்கோஸ் நிற்காது. பேதியில் உப்பை இழந்தவனுக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கும். டாக்டர் எதையும் ஏற்றவில்லை. குழந்தை வாயால் குடிக்கிறான், எதற்கு ஊசி என்று அனுப்பிவிட்டார். மாமியாருக்கு அந்த டாக்டர் மேல் இன்றுவரை நம்பிக்கை இல்லை.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சொன்னது வேறு. "கஞ்சித் தண்ணியில உப்பு போட்டுக் குடுடா." சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்த மாலை, ஆனால் தலைக்கணக்கில் ஒரு மாலை ஒரே தலை. மெதுவாக அவிழ்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸ் கொடுக்கும். வழி வேறானாலும், நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலேயே, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் போய் வேலை செய்கிற ஒரு வகை மக்காச்சோள மாவை ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதி குறைந்ததை 2000இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆயாவிடம் சொன்னேன். "இத்தக் கண்டுபுடிக்க ஆஸ்பத்திரியா?" என்றாள்.

இப்போது அந்த அரை மார்க். கலக்கும் முறையைப் பாக்கெட்டின் ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் அடித்திருக்கிறார்கள். முதல் தடவை நானே பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் தட்டப் போனேன், மனைவி கையைப் பிடித்தாள். தட்டியிருந்தால் 200 மில்லியில் 612, கிட்டத்தட்ட அந்த ஜூஸ் டப்பாதான், அதோடு சோடியம் 187, குழந்தைக்கு ஜூஸைவிட மோசம். முழுப் பாக்கெட்டை ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குங்கள், அளவு தப்பாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பையனுக்கு ஒவ்வொரு தடவை போனதும் 100 முதல் 200 மில்லி, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு ஸ்பூனில். கிட்னி, ஹார்ட் பிரச்சினை உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுக் குடிக்கவும், வெயிலுக்குத் தினமும் குடிக்கிற பானமில்லை இது.

ருசி? கண்ணீர் மாதிரி. பையன் முதல் வாயைத் துப்பினான், இரண்டாவது வாயை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான், மறுநாள் மத்தியானம் ரசம் சாதம் கேட்டான்.

2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் எட்டு வருஷம் போராடி வாங்கியது. போன வாரம் அதே மெடிக்கலுக்குப் போனேன். டப்பாவில் அந்த மூன்று எழுத்தைக் காணோம், ஆனால் அதே அலமாரி, அதே ஆரஞ்சுப் படம். பவுடர் கேட்டேன். அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டில் எங்கேயோ பின்னாலிருந்து தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார்.