அட்வான்ஸ் போட்டுக் கைமாற்றும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: என் 3,80,000 ரூபாய் போன விதம்

நேற்றுதான் என் பணத்தை வாங்கிய பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வாரக் கடைசியிலும் அதே ஹோட்டல் ஹாலில் அதே வகுப்பு நடக்கப் போகிறது. விளம்பரம் இன்று காலையும் என் போனுக்கு வந்தது. பணத்தைப் பறிகொடுத்தவனுக்கே விளம்பரம் அனுப்புகிறார்கள்.

பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வகையைச் சொன்னாலே பலருக்குப் புரியும். சென்னையில் சனி, ஞாயிறுகளில் ‘கையில் பெரிய முதல் இல்லாமலே ரியல் எஸ்டேட்’ என்று பயிற்சி நடத்துகிற நிறுவனம். பாடம் எடுக்கிறவர்களே இடமும் வைத்திருப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளைத் தனியாக அழைத்து ‘உங்களுக்கு மட்டும் ஒரு டீல்’ என்பார்கள்.

தொழில் என்னவோ உண்மையானதுதான். நிலக்காரரிடம் ஒரு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து எக்ரிமெண்ட் போடுவது, கெடு முடிவதற்குள் வேறொரு ஆளைப் பிடித்து, அவர் பேரிலேயே நேராகக் கிரயம் செய்யவைத்து, நடுவில் நிற்கும் வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இதைப் பல வருடமாக ஒழுங்காகச் செய்து பிழைக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் வகுப்பு எடுப்பதில்லை.

எனக்குக் காட்டியது உத்திரமேரூர் பக்கம் 40 சென்ட். சென்ட் 45,000 என்று பேசி 18 லட்சம். சென்ட் 60,000 கொடுக்க ஆள் தயாராக இருக்கிறார், ஆறு லட்சம் உங்களுக்கு என்றார்கள். எல்லாவற்றுக்கும் பரந்தூர் விமான நிலையத்தை இழுத்தார்கள். 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்த மூலையில் நிலம் விற்றாலும் பரந்தூர்தான். அந்த இடத்துக்கும் பரந்தூருக்கும் நடுவில் பாலாறே ஓடுகிறது.

நான் கேட்காமல் விடவில்லை. நிலக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பவர் ஏஜெண்ட், அதாவது நிலக்காரர் சார்பில் விற்க அதிகாரம் எழுதி வாங்கியவர், இருக்கிறார், பதிவு செய்த பவர் என்று நகலைக் காட்டினார்கள். வில்லங்கம் கேட்டேன். ஈ.சி., அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று, பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள், அதில் பவர் பதிவானது இருந்தது, வேறு எந்தச் சிக்கலும் இல்லை. பட்டா, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எல்லாம் ஒரே ஃபைலில் அழகாகக் கோத்திருந்தது. அப்புறம் அந்தப் பயிற்சியாளர் எக்ரிமெண்டைத் திறந்து, பேனாவால் ஒரு வரியின் கீழ் மெதுவாகக் கோடு இழுத்தார். ‘தங்கள் பேரிலோ அல்லது தாங்கள் கோரும் நபர்கள் பேரிலோ கிரயம் செய்து கொடுக்க’ என்ற வரி. “சார், காலையில கிளாஸ்ல சொன்னேனே, இந்த லைன் இருந்தா நீங்கதான் ராஜா” என்றார். காலையில் பாடமாகக் கேட்டது மதியம் என் பெயர் போட்ட பத்திரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நம்பினேன். எப்படி நம்பவைப்பது என்று தெரிந்துதான் அந்தப் பாடத்தையே காலையில் வைத்திருக்கிறார்கள்.

3,80,000 ரூபாய். இரண்டு லட்சம் வங்கி வழியாக, 1,80,000 ரொக்கமாக. சீட்டு எடுத்த பணமும் என் மனைவியின் நகைக்கடனும் சேர்ந்தது அது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எக்ரிமெண்ட், மூன்று மாதக் கெடு. பதிவு செய்யலாமா என்றதற்கு “கைமாத்துற டீலுக்கு எதுக்கு சார் வீண் செலவு, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க” என்றார்கள்.

பணம் போகும் வரை ஒரு நாளைக்கு மூன்று போன் செய்தவர்கள் அதற்கப்புறம் பேசிய விதமே வேறு. தயாராக இருந்த அந்த ஆள் முதலில் வெளிநாட்டில் இருந்தார், பிறகு வீட்டில் துக்கம், பிறகு “அவர் வேற இடம் முடிச்சுட்டார், நீங்களும் ஆள் பாருங்க சார்” என்றாகிவிட்டது. நானே ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் விவரமானவர், ஈ.சி.யைத் தானே புதிதாகப் போட்டுப் பார்த்தார். பவரை ரத்து செய்த பத்திரம் அதில் பதிவாகியிருந்தது. எனக்குக் காட்டிய பிரிண்டின் தேதி வரம்பு, சரியாக அந்த ரத்துப் பத்திரத்துக்கு முந்தைய மாதத்தோடு நிற்கிறது. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, கோபம்தான் வரும்.

நிலக்கார அம்மாவைத் தேடிப் போனேன். வயதானவர். “அந்தாளு நடத்தை சரியில்லன்னு பவரை எப்பவோ ரத்து பண்ணிட்டோம் தம்பி. எங்க கைக்கு ஒத்த ரூபா வரல. உன்ன மாதிரி இன்னும் ரெண்டு பேரு எக்ரிமெண்ட தூக்கிட்டு வந்தாங்க” என்றார். ஒரே நிலத்துக்கு எத்தனை பேரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள். பதிவு செய்யாத எக்ரிமெண்ட் ஈ.சி.யில் வராது. அதனால் ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. பதிவுக்குச் செலவு வீண் என்று அவர்கள் சொன்னதன் காரணம் இதுதான். அவர்கள் விற்றது நிலத்தை இல்லை, நம் அட்வான்ஸ்தான் அவர்களுடைய வருமானம்.

அலுவலகத்தில் வரவேற்பில் இருக்கும் பெண் “எம்.டி. மீட்டிங்ல இருக்கார் சார்” என்பார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாட்ஸ்அப் குழுவில் பவர் ரத்தானதைப் போட்டதும் என்னை நீக்கினார்கள். ‘லீகல் டீம் பார்க்கிறது’ என்று ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். பிறகு கெடு தாண்டிவிட்டது, கெடு தாண்டினால் அட்வான்ஸ் திரும்பாது என்று எக்ரிமெண்டிலேயே இருக்கிறது என்றார்கள். விற்க உரிமையே இல்லாதவன் கையெழுத்துப் போட்ட தாளுக்குக் கெடு ஒரு கேடா? ரொக்கமாகக் கொடுத்த 1,80,000 பற்றிக் கேட்டால் “எந்த ரொக்கம் சார்?” நேற்று அந்தப் பயிற்சியாளரே வெளியே வந்தார். “உங்களுக்கு இன்வெஸ்டர் மைண்ட்செட்டே இல்ல சார், ஒரு டீல் போச்சுன்னா அடுத்ததுக்குப் போகணும்” என்றார். என் 3,80,000 அவருக்கு ஒரு டீல். எங்கள் வீட்டில் அது மகள் கல்லூரிக்கு வைத்த பணம்.

காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். வக்கீலுக்கு அது ஏற்புடையதாக இல்லை. ரத்தான பவரை மறைத்துப் பணம் வாங்கியது ஏமாற்று, குற்ற வழக்குக்கு இடம் இருக்கிறது என்கிறார். மேலே மனு கொடுத்திருக்கிறோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். ஈ.சி.யை அவர்கள் தரும் தாளில் பார்க்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசம், பணம் கொடுக்கும் அன்று காலை நீங்களே போடுங்கள், கடைசித் தேதி அன்றைய நாள்வரை இருக்கிறதா பாருங்கள். பவர் என்றால் நிலக்காரர் முகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டாலும் பொதுவாக அது செல்லாமல் போய்விடும், அதனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய எக்ரிமெண்டைக் கட்டாயம் பதிய வேண்டும், ‘தேவையில்லை’ என்கிறவனிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நில அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு, ரொக்கம் கேட்டால் எழுந்து வாருங்கள். மனை என்றால் அங்கீகாரம் பாருங்கள், 20.10.2016-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனை தலைவலி. சொல்லிக்கொடுக்கிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் சாப்பாட்டுக்குக்கூட இருக்க வேண்டாம்.

அந்த வகுப்பில் உட்கார்ந்து உத்திரமேரூர் இடத்துக்குப் பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். எக்ரிமெண்ட் நகல், வங்கிப் பரிமாற்ற விவரம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். குறைந்தது மூன்று பேர் இருக்கிறோம் என்று அந்த அம்மா சொன்னதிலிருந்து தெரிகிறது. சேர்ந்து மனு கொடுத்தால் சிவில் என்று தள்ளிவிட முடியாது என்கிறார் வக்கீல்.