என்ன படிப்பது என்று யார் முடிவு செய்வது? மூன்று கத்தோலிக்கக் கல்லூரிகள், மூன்று பதில்கள்

அமெரிக்காவின் கத்தோலிக்கக் கலைக் கல்லூரிகளுடைய கையேடுகளை வரிசையாக வைத்துப் புரட்டினால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். தத்துவம், இறையியல், இலக்கியம், சிறிய வகுப்புகள், அக்கறையுள்ள ஆசிரியர்கள். துறைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதால் பெரிய பயன் இல்லை. மாணவர் எதைப் படிக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தாமஸ் அக்வினாஸ் கல்லூரி, டாலஸ் பல்கலைக்கழகம், ஹோலி கிராஸ் கல்லூரி மூன்றும் அங்கே மூன்று திசைகளில் பிரிகின்றன.

கலிபோர்னியாவின் சாந்தா பவுலாவில் இருக்கும் தாமஸ் அக்வினாஸ் கல்லூரி 1971-இல் தொடங்கியது. அங்கே துறை இல்லை, முதன்மைப் பாடம் இல்லை, விருப்பப் பாடமும் இல்லை. எல்லோருக்கும் ஒரே படிப்பு, ஒரே பட்டம். பாடநூல்களுக்குப் பதிலாக மூலநூல்களையே படிக்கிறார்கள். ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து நடக்கும் விவாதத்தை நெறிப்படுத்துகிறார். முதலாண்டுக் கணித வகுப்பில் மாணவர் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போக வேண்டும். செங்கோண முக்கோணத்தை வரைந்து, பக்கங்களின் மேல் சதுரங்களை எழுப்பி, அந்நூலின் முதல் பகுதியிலுள்ள 47-ஆவது தேற்றத்தை, அதாவது பிதாகரஸ் தேற்றத்தை, படிப்படியாக நிறுவ வேண்டும். இடையில் யாராவது "அந்தக் கோணம் ஏன் சமம்?" என்று கேட்டால் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்து எழுதித் தப்பித்த தேற்றம்தான் இது. இரண்டாம் ஆண்டில் தாலமியிலிருந்து கோப்பர்நிக்கஸ், கெப்ளர் என்று வானியல் நகர்கிறது. அதன்பின் நியூட்டன், கடைசியில் ஐன்ஸ்டைன். நான்கு ஆண்டுகளும் கணிதம், அறிவியல், தத்துவம், இறையியல் எதையும் விட முடியாது.

இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கவிதை படிக்க வந்தவரும் நியூட்டனை வாசித்தாக வேண்டும், கணிதம் பிடித்தவரும் பழங்காலக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்தீனாரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று சொல்ல இன்று எத்தனை கல்லூரிகளுக்கு மனம் வரும்? ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் வேதியியல், உயிரியல் ஆய்வகப் பாடங்களைப் பெரும்பாலும் பட்டத்துக்குப் பின் தனியாகப் படித்து முடிக்க வேண்டியிருக்கும். பொறியியல் போன்ற துறைகளுக்குப் போக நினைப்பவருக்கும் இதே நிலைதான்.

டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் 1956-இல் தொடங்கிய டாலஸ் பல்கலைக்கழகம் பாதி வழியை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்கிறது. இதன் இளங்கலைப் பிரிவுக்குக் கான்ஸ்டன்டின் கல்லூரி என்று பெயர். இயற்பியல் மாணவரும் பொருளியல் மாணவரும் ஹோமர், வெர்ஜில், தாந்தே ஆகிய காவியக் கவிஞர்கள் வழியாகவே வர வேண்டும். தத்துவம், வரலாறு, இறையியல் ஆகியவையும் பொதுவானவை. இந்தப் பொது அடித்தளத்தின் மேல் அவரவர் முதன்மைப் பாடம் நிற்கிறது. பெரும்பாலான மாணவர்கள், வழக்கமாக இரண்டாம் ஆண்டில், ரோம் நகருக்கு வெளியே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வளாகத்தில் ஒரு செமஸ்டர் தங்கிப் படிக்கிறார்கள். அந்தச் செமஸ்டரிலேயே கிரேக்கத்துக்கும் போகிறார்கள். வகுப்பில் கிரேக்க நாடகத்தைப் படித்த கையோடு அந்த மண்ணிலேயே போய் நிற்பதற்கு ஈடான பாடம் வேறு ஏது?

ஆங்கில இலக்கிய மாணவருக்கு மூன்றாம் ஆண்டில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. ஒரு கவிஞரைத் தேர்ந்தெடுத்து அவருடைய படைப்புகளையும் அவற்றைப் பற்றிய விமரிசனங்களையும் ஒரு செமஸ்டர் முழுக்கத் தோண்டித் துருவிப் படித்து, ஆசிரியர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வுக்கு அமர வேண்டும். ஒருவரை முழுமையாக அறிந்துகொள்ளும் இந்தப் பயிற்சி நம் தமிழ்த் துறைகளுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் உள்ள ஹோலி கிராஸ், சேசு சபையார் 1843 முதல் நடத்திவரும் கல்லூரி. அடுத்த ஆண்டே அதே சபையார் நாகப்பட்டினத்தில் தொடங்கியதுதான் இன்று திருச்சியில் இருக்கும் தூய வளனார் கல்லூரி. ஹோலி கிராஸில் தேர்வு பெருமளவு மாணவர் கையில். கலை, இலக்கியம், மொழி, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் என்று பிரிவுக்குப் பிரிவு சில பாடங்களைப் படித்தாக வேண்டும். எந்தப் பாடம் என்பது அவர் விருப்பம். எல்லோரும் சேர்ந்து வாசித்த நூல்வரிசை என்று எதுவும் அமையாமல் போவதுதான் குறை. நிறையும் இந்தச் சுதந்திரத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் அந்தோணி ஃபௌச்சி 1962-இல் இங்கே பட்டம் பெற்றார். கிரேக்கச் செவ்வியலையும் மருத்துவத்துக்கு வேண்டிய அறிவியலையும் சேர்த்துப் படித்துவிட்டு நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அந்தக் கூட்டு தாமஸ் அக்வினாஸில் சாத்தியமே இல்லை.

சமயத்திலும் இதே வேறுபாடுதான். தாமஸ் அக்வினாஸில் முதலாண்டு விவிலியம், பின்னர் திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர்கள், அதன்பின் கல்லூரிக்குப் பெயர் தந்த இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் என்று நான்காண்டும் இறையியல். டாலஸில் விவிலியம் ஒன்று, இறையியல் மரபு ஒன்று என இரண்டு கட்டாயப் பாடங்கள். ஹோலி கிராஸின் சமயவியல் துறையிலோ இஸ்லாம், இந்து, பௌத்த சமயங்களைப் பற்றிய பாடங்களும் உண்டு. கத்தோலிக்கர் அல்லாத குடும்பங்கள் இதைக் கவனிப்பது நல்லது.

மருத்துவமோ அறிவியலோ என்று மனத்தை உறுதி செய்துகொண்ட பிள்ளைக்கு ஹோலி கிராஸைத்தான் சொல்வேன். இன்னும் முடிவெடுக்காத, ஆனால் வாசிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு டாலஸ். பொதுவான வாசிப்பையும் தனித்துறையையும் சேர்த்துத் தருவதால், மூன்றில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது அதுவே என்பது என் கணிப்பு. தாமஸ் அக்வினாஸ், வேலைக் கணக்கை நான்காண்டுக்கு ஒத்திவைக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும். அப்படிப்பட்டவருக்கு அதற்கு நிகர் இந்த இரண்டுமே இல்லை. பள்ளி மாணவர்களுக்காக அங்கே கோடையில் இரண்டு வார வாசிப்பு வகுப்பு நடக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அதற்குப் பிள்ளையை அனுப்பி, யூக்ளிடையும் பிளேட்டோவையும் விவாதிக்கும் மேசையில் ஒருமுறை உட்காரவையுங்கள்.