நெய்வேலியா, தூத்துக்குடியா?

மின்சாரம் தயாரிக்க எந்த அனல்மின் நிலையம் மேல்? நெய்வேலிக்கு எரிபொருள் தேடிப் போக வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டிலேயே வந்துவிடுகிறது. தூத்துக்குடியின் 210 மெகாவாட் மின்னுற்பத்தி அலகுகள் ஐந்துக்கும் ஒடிசா நிலக்கரி ரயிலேறி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி வரவேண்டும். போக்குவரத்துச் செலவே மின்விலையைத் தூக்கிவிடும். அங்கே முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. வயதான கொதிகலனில் ஒரு குழாய் ஓட்டை விழுந்தாலும் அலகையே நிறுத்தி, ஆறவிட்டுத்தான் அடைக்க முடியும்.

நெய்வேலிக் கரியிலோ ஏறக்குறையப் பாதி ஈரம்! அதை உலர்த்தவே வெப்பம் வீணாகிறது. கொதிகலனும் பெரிதாக வேண்டும். சுரங்கத்தடி நீரழுத்தத்தைத் தணிக்கப் பம்புகள் இரவுபகலாக ஓடுகின்றன. அப்படியும் எரிபொருள் கையருகே இருப்பதால் நெய்வேலிக்கே என் ஓட்டு. ஆனால் நிலம் கொடுத்த ஊர்களின் இழப்பு யூனிட் விலையில் முழுமையாக ஏறுவதில்லை. அதையும் ஏற்றித்தான் ஒப்பிடவேண்டும்.