மூன்றாவது சார்ஜிங் பின்

போன வாரம் டேப்புக்கு மூன்றாவது முறையாகச் சார்ஜிங் பின் மாற்றினேன். 450 ரூபாய். "இதுக்கு மேல போர்டு தாங்காது சார்" என்றார் கடைக்காரர். அன்றைக்குப் பார்த்து ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர், பையன் ஆறாவது போகிறான், படிப்புக்கு டேப் வாங்கலாமா என்று கேட்டார். கடுப்பில் என்னவோ சொல்லிவிட்டேன். கொஞ்சம் நியாயமாக இங்கே.

2020 ஜூனில் வாங்கியது. மார்ச்சிலேயே பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது; மகள் ஆறாவது. எட்டாவது வரைக்கும் திறக்க 2021 நவம்பர் ஆகும் என்று யார் கண்டது? திரை, பேட்டரி, சத்தம் எதிலும் இன்றுவரை குறையில்லை. பின் மட்டும்தான். ஒயரை இடப்பக்கம் சாய்த்து, மேலே பித்தளைச் சொம்பை வைத்தால் சார்ஜ் ஏறும். ராத்திரி யாராவது தண்ணீருக்கு அந்தச் சொம்பை எடுத்துவிட்டால் காலை எட்டு மணி வகுப்பு அவ்வளவுதான். இதற்காக வீட்டில் நடந்த சண்டைகளையும் சேர்த்தால் டேப் விலை இரட்டிப்பு.

அந்த நேரலை வகுப்பிலும் பெரிதாக ஒன்றுமில்லை. "எல்லாருக்கும் கேக்குதாம்மா?" என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறதே, கணக்குப் புத்தகத்தில் அதைப் பிடித்தால், வடிவங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள் திறக்கும். அந்தப் பழக்கத்தில் மகள் தானே ஒரு முக்கோணம் வரைந்து, முனையை விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்க, கூட்டினால் 180. இழுத்து இழுத்துக் கடைசியில் முக்கோணம் கோடு மாதிரி சப்பையாகிவிட்டது: 179, அரை, அரை. "அப்பா, இப்பவும் 180 தான்!" நான் மனப்பாடம் செய்து எழுதியதை அவள் சோதித்துப் பார்த்தாள். அன்றைக்கு டேப்புக்குக் கொடுத்த காசு வலிக்கவில்லை. (எங்கள் கணக்கு சார் காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, நேர்கோடாக ஒட்டிக் காட்டுவார். அதற்குச் சார்ஜ் வேண்டாம். நான்தான் கவனிக்கவில்லை.)

இன்னொன்று. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியதும் எங்கள் தெருத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகள் கூடின. தன்னார்வலராக வந்த பெண், கையில் சாக்பீஸ், ஒரு அட்டை. டேப் ஒன்றுகூட இல்லை. ஒன்றரை வருடம் திரையில் விட்டதைப் பிடிக்க அரசே வீடு தேடி ஆள் அனுப்பவேண்டி வந்தது. எதிர்வீட்டு மூன்றாவது படிக்கும் பையன் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தது அங்கேதான்.

மகள் இப்போது பதினொன்றாவது. புரியாத பாடத்தின் வீடியோவை நிறுத்தி, ஓட்டி, மறுபடி பார்ப்பது இதே டேப்பில்தான். விற்றுவிடலாமா என்றேன், முறைத்தாள்.

நண்பரிடம் சொன்னது என்னவோ, வாங்காதீர்கள் என்றுதான். அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.