தங்கூசியா, கட்டுக்கம்பியா, பிறேக் கம்பியா: எலிச் சுருக்குக்கு எது நல்லது?

மரவள்ளி கிழங்கு வைக்கத் தொடங்கினால் எலியும் வளவுக்குள் வந்துவிடும். வேலியோரப் பொந்து வாசலில் சுருக்கு வைப்பது யாழ்ப்பாணத்தில் பழைய வழி. சுருக்கை எதில் கட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூல், மலிவு, துருப்பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு. ஆனால் இரவில் எலி மீசையாலும் மணத்தாலும் தடம் பிடித்து ஓடும் பிராணி, அதற்குத் தெரியாத நூல் என்று பெரிய நன்மை இல்லை. எலியின் முன்பல் இரும்பைவிடக் கடினமானது, நைலோன் அதற்கு எம்மாத்திரம்? கழுத்தில் விழாமல் காலில் விழுந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். என் மரவள்ளிப் பாத்தியில் ஒரே கிழமையில் நாலு சுருக்கு அப்படிப் போயின. சுற்றி வைத்த வளைவு போகாததால் வளையமும் நேராக நிற்காது. வெயிலில் கிடந்தால் நொய்ந்துவிடும்.

கட்டுக்கம்பி வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், அதுதான் அதன் அழகு. ஆனால் வழுக்கி இறுகாது. ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான், எலி துள்ளித் துள்ளி அதே மடிப்பில் முறித்துவிடும். உப்புக் காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும். சுருக்கை நிலத்தில் அடித்த முளைக்குச்சியில் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எரிந்த மோட்டரிலிருந்து எடுக்கும் செம்புக்கம்பி சுண்டெலிக்குப் போதும், பெருச்சாளி இழுத்தால் நீண்டுவிடும்.

என் தெரிவு சைக்கிள் பிறேக் கம்பிதான். 1.5 மில்லிமீற்றர் கேபிளைப் பிரித்தால் பெரும்பாலும் 19 இழை வரும். திருத்தும் கடையில் பழையதைச் சும்மாவே தருவார்கள். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, ஒரு நுனியில் சின்னக் கண் வைத்து, மறுநுனியை அதற்குள் விடுங்கள். உருக்கு விறைப்பாக இருப்பதால் வளையம் நிற்கும், இழுத்ததும் சட்டென இறுகும், பல்லுக்கும் இலகுவில் மசியாது. வளையம் மூன்று விரல் அகலம் போதும். கிறீசைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். வெட்டிய நுனி கையில் ஏறும், குறட்டால் மடித்துவிட வேண்டும்.

அறாத கம்பிக்கு ஒரு கெடுதலும் உண்டு. சாரைப்பாம்பு, பூனைக்குட்டி, உடும்பு எது மாட்டினாலும் விடாது. சாரை எலி தின்னும் பாம்பு, உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதனால் பொந்து வாசலுக்குள்ளேயே வையுங்கள், வேலிப் பொட்டில், அதாவது வேலி ஓட்டையில், வேண்டாம். பொழுதுபட வைத்து, விடிய எண்ணி எடுத்துவிடுங்கள். உயிரோடு கிடந்தால் துடிக்க விடாமல் உடனே முடித்துவிடுங்கள்.

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நான் கையுறை போடாமல் சுருக்கைத் தொடுவதில்லை. எலியை ஆழமாகப் புதைத்து, கம்பியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் அதே இழை அடுத்த போகத்துக்கும் வரும்.