எச்ஓஏ போர்டுல இருக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க, 86,400 டாலர் போச்சு

மூணு நாளா சரியா தூங்கல, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. எங்க எச்ஓஏ, அதாவது வீட்டு ஓனர்ங்க சங்கம், அதோட ரிசர்வ் ஃபண்டுலேர்ந்து 86,400 டாலர் போயிருக்கு. அந்த எச்ஓஏக்கு ட்ரெஷரர் யாருன்னு கேட்டீங்கன்னா, நான்தான். அதனால வெளியில நின்னு வேடிக்கை பாத்தவ சொல்றதா நெனைக்காதீங்க, கையெழுத்து போட்டவளே சொல்றேன். கடைசில என்னென்ன செய்யணும்னு வெவரமா ஒரு லிஸ்ட்டும் போடறேன்.

கலிஃபோர்னியாவுல 36 டவுன்ஹோம் இருக்குற சின்ன காம்ப்ளக்ஸ் எங்களது. வீட்டுக்கு மாசம் 310 டாலர் டியூஸ், அதாவது சங்கத்துக்குக் கட்டற மாசக் கட்டணம். கூரை, வெளிச்சுவர், உள்ரோடு, கேட் எல்லாம் பொது. டியூஸ்ல ஒரு பங்கு தோட்டக்காரர், தண்ணி, இன்ஷூரன்ஸ்னு அப்பப்ப செலவாயிடும், இன்னொரு பங்கு இருபது வருஷத்துக்கு ஒருக்கா வர்ற கூரைச் செலவு மாதிரி பெருசுக்கெல்லாம் ரிசர்வ்ல சேரும். ட்ரெஷரர்னா ஏதோ பெரிய பதவின்னு நெனைக்காதீங்க. ஆண்டுக்கூட்டத்துல யாராவது வாங்கன்னு கேட்டப்ப எல்லாரும் தரையப் பாத்தாங்க, நான் ஒருத்தி நிமிந்து பாத்துத் தொலச்சேன், அவ்ளோதான். சம்பளமும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன ப்ராப்பர்ட்டி மேனேஜ்மெண்ட் கம்பெனிய எடுத்தோம். பேர் போடல, வக்கீல் போடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. பெரிய கம்பெனிங்கல்லாம் 36 வீட்டுக்கு போன்கூட எடுக்க மாட்டாங்க, இந்த ஆள் நேர்ல வந்தாரு. ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு கேட் மோட்டார் மாட்டிக்கிட்டு வெளிய பத்து கார் நிக்குது, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு தரையில படுத்து அவரே செயினக் கழட்டி விட்டாரு. அன்னிக்கு என் மனசுல இவரு நல்லவருன்னு பதிஞ்சு போச்சு. அந்த செயின் கிரீஸ் ஒட்டின கைக்கு நான் டிஷ்யூ பேப்பர் எடுத்துக் குடுத்தேன், இப்ப நெனச்சா வயிறு எரியுது.

போன அக்டோபர் போர்டு மீட்டிங்ல அவர்தான் ரிசர்வ் பத்தி ஆரம்பிச்சாரு. 2021ல ஃப்ளோரிடா சர்ஃப்சைடுல அந்த 12 மாடி கட்டடம் இடிஞ்சு 98 பேர் போனாங்கல்ல, ரிப்பேருக்கு ஓனர்ங்ககிட்ட தனியா வசூலிக்கற 15 மில்லியன் டாலர் அசெஸ்மெண்ட்ட போர்டு ஏப்ரல்லதான் பாஸ் பண்ணியிருந்தாங்க, ஜூன்ல கட்டடமே இல்ல, அதனால ரிசர்வ்ங்கறது வெளையாட்டு இல்லன்னு எங்களுக்கே பாடம் எடுத்தாரு. போர்டுல நாங்க மூணு பேரும் தலைய ஆட்டினோம். அப்பறம் மெதுவா, உங்க ரிசர்வ் சும்மா கம்மி வட்டில தூங்குது, எங்க க்ளையண்ட்ஸ் எல்லாரோட பணத்தையும் சேத்து ஒரே கணக்குல வச்சா நல்ல வட்டி வரும், எஃப்டிஐசி இன்ஷூரன்ஸும் (பேங்க் டெபாசிட்டுக்கு அமெரிக்க அரசு அமைப்பு குடுக்கற காப்பீடு) இருக்குன்னாரு. எஃப்டிஐசின்ன உடனே எனக்கு நிம்மதி. அட கூமுட்ட, அது பேங்க் திவாலானாதான் 250,000 டாலர் வரைக்கும் காப்பாத்தும், பணத்த வச்சிருக்கறவனே எடுத்தா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இத அன்னிக்கு ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல.

கலிஃபோர்னியா சட்டத்துல ரிசர்வ்லேர்ந்து காசு எடுக்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும், ரெண்டும் போர்டு ஆளுங்க, இல்லன்னா ஒருத்தர் போர்டு ஒருத்தர் ஆஃபீசர். மேனேஜ்மெண்ட் கம்பெனி அசோசியேஷன் பணத்த தன் பணத்தோடயோ அடுத்தவங்க பணத்தோடயோ கலக்கவும் கூடாது. அப்ப அவர் சொன்ன திட்டமே தப்பு, வேற எதையும் பாக்கவே வேணாம். இதெல்லாம் இப்ப வக்கீல் மணிக்கணக்குக்கு பில் போட்டு சொல்லித்தான் தெரியுது.

கையெழுத்து போட்ட கதையையும் சொல்லிடறேன். ஸ்கூல் வாசல்ல பையன கூப்பிட கார் வரிசைல நிக்கறேன், போன்ல மெயில் வருது, "ரெசல்யூஷன், இ-சைன் ப்ளீஸ்"னு. ரெண்டு பக்கம். ரிசர்வ் கணக்க மாத்தறதுக்கும், ஒவ்வொரு தடவையும் பத்தாயிரத்துக்குக் கீழ இருந்தா மேனேஜரே ட்ரான்ஸ்ஃபர் பண்ணலாம்ங்கறதுக்கும் நாங்க சம்மதம் குடுக்கறதா எழுதியிருக்கு. பத்தாயிரத்துக்குக் கீழ சட்டப்படி போர்டு அப்ரூவலே தேவையில்ல, இது சும்மா ஃபார்மாலிட்டின்னு மெயில்ல ஒரு வரி. பின்னாடி கார்க்காரர் ஹார்ன் அடிக்கறாரு, நான் மஞ்ச பட்டனத் தட்டிட்டு வண்டிய நகத்தினேன். ஆனா சட்டத்துல அந்த பத்தாயிரம் 51 வீடோ அதுக்கு மேலயோ இருக்குற அசோசியேஷனுக்கு, 50 வீடு வரைக்கும்னா 5,000 டாலர், அதுவும் வருஷ பட்ஜெட்ல எதிர்பாக்கற வருமானத்துல 5 சதவீதம் அதவிட கம்மின்னா அந்தக் கம்மித் தொகைதான் கணக்கு. அந்தத் தொகைய தொட்டாலே எழுத்துல போர்டு முன்கூட்டியே ஒத்துக்கணும்.

அப்பறம் மாசாமாசம் மேனேஜர் கம்பெனியோட போர்ட்டல்ல ஒரு பிடிஎஃப் வரும். பேலன்ஸ், வட்டி, எல்லாம் அழகா இருக்கும். நான் பாப்பேன், "ரிவ்யூட்"னு தட்டுவேன், மினிட்ஸ்ல ட்ரெஷரர் கணக்க சரிபாத்தார்னு ஏறும். ஆகஸ்ட் மாச பிடிஎஃப்ல ரிசர்வ் 214,300 டாலர்.

ஆகஸ்ட் கடைசில கூரைக்காரர் எனக்கே போன் பண்றாரு. முதல் பில்டிங் முடிச்சுட்டோம், நீங்க குடுத்த 38,500 டாலர் செக் திரும்பி வந்துருச்சு, என்ன மேடம் இது? நான் தெருவுல நடந்துக்கிட்டிருந்தேன், அப்படியே யார் வீட்டு படிக்கட்டுன்னுகூட பாக்காம உக்காந்துட்டேன்.

மேனேஜருக்கு அடிச்சேன். சிரிச்சுக்கிட்டே, "பெரிய செக்குன்னா பேங்க் ஹோல்ட் போடுவாங்க, நாளைக்கு க்ளியர் ஆயிடும்". மறுநாள், சாஃப்ட்வேர் மாத்தறோம், பழைய டேட்டா வர ரெண்டு நாள் ஆகும். ரெண்டு நாள் கழிச்சு அக்கவுண்டண்ட் லீவு. அடுத்த திங்கக்கிழமை ஆஃபீஸ்ல ஒரு பொண்ணு எடுத்து "உங்களுக்கு டிக்கெட் ஓப்பன் பண்ணியிருக்கேன்"னா. என்னம்மா டிக்கெட்டு, சினிமாவுக்கா? அப்பறம் அவரே கூப்பிட்டு சொன்னாரு பாருங்க, அதுதான் இன்னும் காதுல நிக்குது: "போர்டுல மத்தவங்க யாரும் கேக்கலியே, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ டென்ஷன்?" ஒரு நிமிஷம் நான்தான் ஓவரா பண்றேனோன்னு எனக்கே தோணிடுச்சு. அடுத்த நாள் என் போர்ட்டல் பாஸ்வேர்டு வேல செய்யல.

பேங்குக்குப் போனா, அந்தக் கணக்கு உங்க அசோசியேஷன் பேர்ல இல்ல மேடம், நாங்க ஒண்ணும் பேச முடியாதுங்கறாங்க. எங்க பணம்தாங்கன்னா, பாவமா பாக்கறாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல, இது சிவில் மேட்டர் மாதிரி தெரியுதுன்னு ரிப்போர்ட் நம்பர் எழுதின சின்ன அட்டைய குடுத்து அனுப்பிட்டாங்க.

வக்கீல் லெட்டர் போனப்பறம்தான் மூணு அட்டப்பெட்டியும் ஒரு கேஷியர்ஸ் செக்கும் (பேங்கே குடுக்கற செக்) வந்துச்சு. பெட்டில என்ன இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க, போன கிறிஸ்மஸ் லைட்டு பில்லு, கேட் ரிமோட்டு நாலு, யார் வீட்டு நாயோ கத்துதுன்னு வந்த கம்ப்ளெயிண்ட்டு. செக் 127,900 டாலருக்கு. 214,300ல 127,900 போனா 86,400. அந்த 86,400 எங்கன்னு கேட்டா "ரீகன்சிலியேஷன்ல இருக்கு"ன்னு, அதாவது கணக்க ஒப்பிட்டுக்கிட்டிருக்கோம்னு ஒரே வரி மெயில். அப்பறம் வக்கீல் வழியா ஒரிஜினல் பேங்க் ஸ்டேட்மெண்ட் வந்துச்சு. டிசம்பர்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மாசம் ஒண்ணு, ஒவ்வொண்ணும் 9,600. ஒன்பது தடவ. பத்தாயிரத்துக்குக் கீழ. நான் தட்டின மஞ்ச பட்டன்.

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஊர்ல கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவரு. திட்டுவாருன்னு பாத்தா திட்டல. "ஏம்மா, நீ பாஸ்புக்க பாத்தியா, இல்ல அவன் எழுதிக் குடுத்த காகிதத்த பாத்தியா?"ன்னாரு. அந்த பழைய பிடிஎஃப்ப வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னாரு. அரைமணி நேரத்துல திருப்பி கூப்பிட்டாரு. "ஜனவரிக்கு 31 நாளு, பிப்ரவரிக்கு 28 நாளு, ரெண்டுக்கும் வட்டி 412 டாலர் 35 சென்ட்டுன்னு எப்படிம்மா வரும்? பாக்கி வேற கூடியிருக்கு." எடுத்துப் பாத்தேன், ஒன்பது மாசமும் 412.35. பேங்க் லோகோவ பெருசாக்கினா ஓரம் மங்கலா வேற இருக்கு. எங்கிட்ட எம்பிஏ இருக்கு, சொன்னா வெக்கம்.

வருஷாவருஷம் சிபிஏ, அதாவது லைசன்ஸ் வாங்கின கணக்காளர், பாக்கறாரே, அவரு என்ன பண்ணாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. 75,000 டாலருக்கு மேல வருமானம்னா சிபிஏ ரிவ்யூ கட்டாயம், எங்களுக்கும் நடந்துச்சு. ஆனா ரிவ்யூ வேற, ஆடிட் வேறயாம். ரிவ்யூவுல மேனேஜர்கிட்ட கேள்வி கேட்டு நம்பர ஒப்பிட்டுப் பாப்பாங்க, பேங்குக்கு எழுதிப்போட்டு இவ்ளோ பணம் இருக்கான்னு கேக்கணும்னு இல்ல. அந்த சிபிஏவ சிபாரிசு பண்ணதே மேனேஜர்தான்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு ஓடினோம். போர்டு ஆளுங்க திருடினா குடுப்பாங்களாம், மேனேஜ்மெண்ட் கம்பெனிய பாலிசில சேக்கலயாம், சேத்திருக்கணும்னு சட்டமே இருக்காம். பாலிசி வாங்கிக் குடுத்தது யாரு? அவரேதான். சட்டுன்னு சிரிப்பு வந்துருச்சு, நெசமா.

இன்னொண்ணு தெரியுமா, கலிஃபோர்னியாவுல நகம் வெட்டி பாலிஷ் போடறதுக்கு லைசன்ஸ் வேணும், எச்ஓஏ மேனேஜருக்கு வேண்டாம்.

இப்ப கூரை பாதில நிக்குது, மழ சீசன் வரப்போகுது. 86,400ஐ 36 வீட்டுக்குப் பிரிச்சா வீட்டுக்கு 2,400. பட்ஜெட்ல 5 சதவீதத்துக்கு மேல ஸ்பெஷல் அசெஸ்மெண்ட் போடணும்னா போர்டு மட்டும் முடிவு பண்ண முடியாது, எல்லாருக்கும் பேலட் அனுப்பி 30 நாள் காத்திருந்து ரகசிய ஓட்டு எடுக்கணும். கடைசி வரிசைல ஒரு தாத்தா தனியா இருக்காரு, சோஷியல் செக்யூரிட்டின்னு அரசு குடுக்கற ஓய்வூதியப் பணத்துலதான் ஓடுது அவருக்கு. நேத்து கேட்டாண்ட நிறுத்தி, மாசாமாசம் நூறு நூறா தரலாமான்னு கேட்டாரு. கோவமா ஒரு வார்த்த சொல்லல. அவரு கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

லிஸ்ட் போடறேன்னு சொன்னேன்ல, பெருசா எழுதத் தெம்பு இல்ல. பேங்க் லாகின் உங்க பேர்ல இருக்கணும், ஸ்டேட்மெண்ட்ட பேங்க் சைட்லேர்ந்து நீங்களே இறக்குங்க, மேனேஜர் அனுப்பற பிடிஎஃப்ப தொடாதீங்க. மாசாமாசம் பாக்கணும்னு இங்க சட்டமே சொல்லுது, போர்டுல எல்லாரும் பாருங்க, முடியலன்னா ட்ரெஷரரோட இன்னொருத்தராவது உக்காருங்க. கணக்கு அசோசியேஷன் பேர்ல, அசோசியேஷன் டேக்ஸ் நம்பர்ல இல்லன்னா ஒரு டாலர்கூட போடாதீங்க. இன்ஷூரன்ஸ் ஏஜண்ட்டுக்கு நீங்களே போன் பண்ணி மேனேஜ்மெண்ட் கம்பெனிக்கும் கவர் ஆகுதான்னு எழுத்துல வாங்குங்க. காருக்குள்ள உக்காந்து எதுலயும் கையெழுத்து போடாதீங்க. மிச்சத்த அப்பறம் எழுதறேன், நாளைக்கு ஏழு மணிக்கு ஓனர்ஸ் மீட்டிங், 36 நோட்டீஸ் பிரிண்ட் எடுக்கணும்.

இத டைப் பண்ணிக்கிட்டிருக்கும்போதே அவரோட போர்ட்டல்லேர்ந்து ஆட்டோமேடிக் மெயில் ஒண்ணு வருது. இந்த மாச 310 டாலர் டியூஸ் இன்னும் கட்டலையாம், லேட் ஃபீ போடுவாங்களாம்.